கீபோர்டுக்குள்ளேயே ஒரு முழுப் பாட்டு: சீக்வென்சரில் பதிவு முதல் அரேஞ்ச்மெண்ட் வரை

கோர்க் குரோம் கீபோர்டு வாங்கிய புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தவன், சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இரண்டாவது இன்டர்லூட் வரைக்கும் வந்துவிட்டேன். ஸ்ட்ரிங்ஸ் அன்றைக்கு அப்படி அமைந்திருந்தது. கரண்ட் போனது. திரும்ப வந்ததும் கீபோர்டைப் போட்டால், பதினாறு டிராக்கும் துடைத்து வைத்த மாதிரி காலி. டோனை, அதாவது ஒரு வாத்தியத்தின் ஒலியை, மாற்றி 'ரைட்' கொடுத்தால் அது கீபோர்டுக்குள் தங்கிவிடும். சீக்வென்சரில், அதாவது வாசிப்பதை டிராக் டிராக்காகப் பதியும் பகுதியில், பதிந்த பாட்டு அப்படித் தங்காது. எஸ்டி கார்டில் சேமித்தால்தான் உண்டு. இது கையேட்டிலேயே இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

அதனால் முதல் வேலை பாட்டு இல்லை, கார்டு. கார்டைச் செருகி, மீடியா பக்கத்தில் ஃபார்மட் செய்து, காலிப் பாட்டையே ஒருமுறை சேமித்துப் பாருங்கள். பாட்டு ஒரு கோப்பாகவும், நீங்கள் திருத்திய டோன்கள் வேறொரு கோப்பாகவும் சேமிக்கப்படும். இரண்டும் வேண்டும். பாட்டுக் கோப்பை மட்டும் வைத்திருந்து டோனை யாராவது மாற்றிவிட்டால், ஆறு மாதம் கழித்துப் போட்டுப் பார்க்கும்போது உங்கள் பாட்டு உங்களுக்கே அடையாளம் தெரியாது. ஒவ்வொரு டிராக் முடிந்ததும் சேமிக்கிற பழக்கம் வந்துவிட்டால் போதும். பெயரின் கடைசியில் 01, 02 என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போங்கள். பழையதன் மேலேயே எழுத வேண்டாம்.

இங்கே நான் சொல்வதெல்லாம் 2012இல் வந்த குரோமை வைத்துத்தான். டோன், டிரம்ஸ், எஃபெக்ட், சீக்வென்சர் எல்லாம் ஒரே பெட்டியில் என்ற வழக்கம் 1988இல் வந்த கோர்க் எம்1 மூலம் பரவியது. அதில் 8 டிராக். டிரைட்டன், குரோம், க்ரோனோஸ் எல்லாவற்றிலும் 16 மிடி டிராக் (வாசித்த தகவலை மட்டும் பதியும் டிராக்). இந்தக் குடும்பத்தில் எது வைத்திருந்தாலும் மெனு பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுதான். யமஹா மோட்டிஃப், ரோலண்ட் எஃப்ஏ வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான் மாறும், முறை மாறாது.

உள்ளே போவது சத்தம் இல்லை

சீக்வென்சர் உங்கள் பியானோவின் சத்தத்தைப் பதிவு செய்வதில்லை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள், பெடலை எப்போது மிதித்தீர்கள் என்ற தகவலைத்தான் குறித்துக்கொள்கிறது. அழுத்தும் வேகத்துக்கு 1 முதல் 127 வரை ஓர் எண். நேரத்துக்கு ஒரு பீட்டை 480 துண்டாக வெட்டிய அளவுகோல். டெம்போ 96இல் ஒரு பீட் 625 மில்லிசெகண்ட். அப்படியானால் ஒரு துண்டு சுமார் 1.3 மில்லிசெகண்ட். உங்கள் கையின் சின்னத் தடுமாற்றம்கூட அப்படியே பதிவாகும்.

இது மனதில் இருந்தால் பாதி சந்தேகங்கள் தானாகத் தீர்ந்துவிடும். பதிந்த பிறகு வயலினைப் புல்லாங்குழலாக மாற்றலாம். வேகமான ஒரு பிட் கைக்கு வரவில்லையா, டெம்போவை 60க்கு இறக்கி வாசித்துப் பதிந்துவிட்டு 96க்கு ஏற்றலாம். (வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் செய்வதுதான்.) பாடகருக்குச் சுருதி எட்டவில்லை என்றால் இறக்கலாம். ஆனால் குரலைப் பதிய முடியாது. குரோமில் ஆடியோ டிராக் கிடையாது. அந்த வசதி க்ரோனோஸில் உண்டு.

பாட்டின் கணக்கு

பட்டனைத் தொடும் முன் ஒரு தாளை எடுங்கள். எட்டு பாரை (4/4இல் நான்கு பீட் சேர்ந்தது ஒரு பார்) லூப்பில் போட்டு, அதன் மேல் பன்னிரண்டு டிராக் அடுக்கி, அது ரொம்ப அழகாக இருக்கிறது என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் சரணத்துக்கே போகாமல் விட்ட பாட்டுகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. பாட்டு எத்தனை பார் என்று முதலிலேயே எழுதிவிட்டால் இந்த வியாதி வராது.

4/4, டெம்போ 96 என்று ஒரு சாதாரண மெலடிப் பாட்டை எடுத்துக்கொள்வோம். என் தாளில் இப்படி இருக்கும்:

1–2: காலி
3–10: ப்ரீலூட்
11–26: பல்லவி, இரண்டு தடவை
27–38: முதல் இன்டர்லூட்
39–54: முதல் சரணம்
55–62: பல்லவி
63–74: இரண்டாவது இன்டர்லூட்
75–90: இரண்டாவது சரணம்
91–98: பல்லவி
99–102: முடிவு

ஒரு பார் 2.5 விநாடி. காலி இரண்டு பாரைக் கழித்தால் 100 பார், 4 நிமிடம் 10 விநாடி. சரியான நீளம்.

அந்த முதல் இரண்டு காலி பாரை விட்டுவிடாதீர்கள். நம் பாட்டுகளில் எடுப்பு (மெலடி தொடங்கும் இடம்) சமத்தில்தான் (தாளத்தின் முதல் பீட்டில்தான்) இருக்க வேண்டும் என்று இல்லை. அரை பீட் முன்னாலேயே மெலடி எடுக்கும். ஒன்றாவது பாருக்கு முன்னால் சீக்வென்சரில் இடமே கிடையாது. அந்த அரை பீட்டை எங்கே வைப்பது? அதற்குத்தான் இந்த இடம். வேறோர் உபயோகமும் கடைசியில் வரும்.

மீட்டரை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். குத்துப் பாட்டு என்றால் 6/8 வையுங்கள். 4/4 வைத்து டிரிப்ளெட்டாக வாசித்துச் சமாளிக்கலாம்தான், ஆனால் பிறகு குவாண்டைஸ் (நோட்டுகளைக் கட்டத்துக்குள் இழுப்பது) செய்யும்போதும் பார் எண்ணும்போதும் தலை சுற்றும்.

டோன் ஏற்றும்போது வரும் ஏமாற்றம்

ஒரு டோனைத் தனியாக வாசிக்கும் புரோகிராம் மோடில் கேட்ட பியானோ பிரமாதமாக இருக்கும். அதையே சீக்வென்சரில் டிராக் 2இல் ஏற்றினால் சப்பென்று ஆகிவிடும். கீபோர்டு பழுதில்லை. தனியாக ஒலிக்கும்போது அந்த டோனோடு அதன் எஃபெக்டும் சேர்ந்து வந்தது. சீக்வென்சரில் பதினாறு டிராக்குக்கும் சேர்த்து ஐந்து இன்சர்ட் எஃபெக்ட் (தேர்ந்த டிராக்குக்கு மட்டும்), இரண்டு மாஸ்டர் எஃபெக்ட் (எல்லா டிராக்குக்கும் பொது), கடைசியில் மொத்த ஒலிக்கும் ஒரு டோட்டல் எஃபெக்ட், இவ்வளவுதான். டோனை மட்டும் தேர்ந்தெடுத்தால் அதன் எஃபெக்ட் கூடவே வராது.

வழி இரண்டு. எந்த டோனை மையமாக வைத்துப் பாட்டு போடப் போகிறீர்களோ, அதைப் புரோகிராம் மோடில் வைத்துக்கொண்டு, என்டரை அழுத்திப் பிடித்தபடி ரெக்கார்ட் பட்டனைத் தட்டுங்கள். ஆட்டோ சாங் செட்டப் என்ற இந்த வசதி, டோனையும் எஃபெக்டையும் சேர்த்து ஒரு புதுப் பாட்டுக்குள் உட்கார வைத்துவிடும். மற்ற டிராக்குகளுக்கு, தேவையான இன்சர்ட் எஃபெக்டை மெனு வழியாகத் தனியாகக் காப்பி செய்யலாம். ஐந்தையும் முதல் மூன்று டிராக்கிலேயே செலவழித்துவிடாதீர்கள். டிரம்ஸுக்கு ஒன்று, முக்கியமான மெலடிக்கு ஒன்று, கிதாருக்கு ஒன்று என்று பங்கு வையுங்கள். ஸ்ட்ரிங்ஸுக்கும் பேடுக்கும் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் டோன்) மாஸ்டரில் இருக்கும் ரிவெர்பே போதும்.

காம்பினேஷனை (பல டோன்களைச் சேர்த்து வைத்த தொகுப்பை) அப்படியே சீக்வென்சருக்குள் கொண்டுவரும் வசதியும் இருக்கிறது. ஒரே காம்பி ஏழெட்டு டிராக்கைத் தின்றுவிடும், எது எங்கே ஒலிக்கிறது என்று பிறகு பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அரேஞ்ச்மெண்ட் கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒரு டிராக்குக்கு ஒரு டோன் என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது.

முதலில் மெலடி, அப்புறம் தாளம்

டிராக் 1இல் சாதாரண பியானோ. மெட்ரோனோம் போட்டுக்கொண்டு, முழுப் பாட்டின் மெலடியையும் ஒற்றைக் கையால் 102 பாரும் வாசித்துவிடுங்கள். இன்டர்லூட் இன்னும் யோசிக்கவில்லையா, வாசிக்காமல் எண்ணிக்கொண்டு காத்திருங்கள். இந்த டிராக் கடைசியில் அழிக்கப்படும் டிராக், அழகாக வாசிக்க வேண்டாம். ஆனால் எங்கே பாடகர் மூச்சு வாங்குவார், எங்கே வரி நீள்கிறது என்பதெல்லாம் இதில்தான் தெரியும். இது இல்லாமல் டிரம்ஸ் போட்டால் ஃபில் (தாளத்தின் நடுவே வரும் சின்ன உருட்டல்) எல்லாம் வார்த்தையின் மேல் போய் விழும்.

டிரம்ஸை ஒரே தடவையில் பத்து விரலால் வாசிக்க முயலாதீர்கள். ரெக்கார்டிங் செட்டப்பில் லூப் ஆல் டிராக்ஸ் என்று இருக்கும். 11, 12 ஆகிய இரண்டு பாரை மட்டும் சுற்ற விட்டு, முதல் சுற்றில் கிக், அடுத்த சுற்றில் ஸ்நேர், அப்புறம் ஹைஹேட் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். ஜிஎம் (ஜெனரல் மிடி) என்ற பொது வரிசையில் இருக்கும் கிட் என்றால் 36ஆம் நோட் கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹைஹேட், 46 திறந்த ஹைஹேட். ஹைஹேட்டை எட்டும் ஒரே அழுத்தத்தில் தட்டினால் தையல் மெஷின் மாதிரி இருக்கும். பீட்டில் விழுவதைக் கொஞ்சம் அழுத்தி, நடுவில் விழுவதை மெதுவாகத் தொடுங்கள். 95, 60 என்ற வித்தியாசம் இருந்தால்கூட உயிர் வந்துவிடும்.

இந்த இரண்டு பாரை யூசர் பேட்டர்னாக வைத்துக்கொண்டால், டிராக்கில் இரண்டு விதமாகப் போடலாம். புட் டு டிராக் கொடுத்தால் டிராக்கில் இருப்பது ஒரு குறிப்பு மட்டும். பேட்டர்னைத் திருத்தினால் அது வருகிற இடமெல்லாம் திருந்தும். காப்பி டு டிராக் கொடுத்தால் நோட்டுகளே வந்து இறங்கும், அதன்பின் ஒவ்வொரு இடத்தையும் தனியாக மாற்றலாம். ஆரம்பத்தில் முதலாவது, ஃபில் போடும் கட்டம் வந்ததும் இரண்டாவது.

அடுத்து பேஸ். கிக் விழும் இடத்தை விட்டு பேஸ் ரொம்ப விலகாமல் இருக்கட்டும். பிறகு கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்; எஸ்டி கார்டு இல்லை). ஏற்கெனவே இருக்கும் டிராக்கில் கூடுதலாகச் சேர்க்க ஓவர்டப், முழுதாக மாற்ற ஓவர்ரைட், இரண்டு பார் மட்டும் சொதப்பியிருந்தால் ஆட்டோ பஞ்ச் இன். எந்த முறையில் இருக்கிறோம் என்று பார்க்காமல் ரெக்கார்ட் அழுத்துவதுதான் வழக்கமான விபத்து. விபத்து நடந்தால் வேறு எதையும் தொடாமல் கம்பேர் பட்டனை அழுத்துங்கள், முந்தைய நிலை திரும்பும்.

குவாண்டைஸ் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை

முன்னே பின்னே விழுந்த நோட்டுகளைக் கட்டத்துக்குள் இழுத்து உட்கார வைப்பது குவாண்டைஸ். அதில் இன்டென்சிட்டி என்ற சதவீதம் இருக்கிறது. 100 வைத்தால் கட்டத்தின் மேலேயே போய் உட்காரும், 50 வைத்தால் பாதி தூரம்தான் நகரும். கிக், ஸ்நேர், பேஸுக்கு 90 முதல் 100. பியானோவுக்கு 50, 60 போதும்.

புல்லாங்குழல், வீணை, நாதஸ்வரம் மாதிரி பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும் வசதி) போட்டு வாசித்த டிராக்கைக் குவாண்டைஸ் பக்கமே கொண்டு போகாதீர்கள். கமகத்தின் வளைவு என்பது பிட்ச் பெண்டின் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மதிப்புகள். 'ஆல்' என்று தேர்ந்தெடுத்தால் அவையும் கட்டத்துக்கு இழுபட்டு, வளைவு படிக்கட்டாகிவிடும். நோட்டை மட்டும் நகர்த்தினாலும் சிக்கல்தான்: நோட் ஒரு பக்கம், அதன் வளைவு இன்னொரு பக்கம். அந்த டிராக் சரியாக வரவில்லை என்றால் இன்னொரு தடவை வாசித்துவிடுங்கள்.

காப்பி செய்யும்போது கவனிக்க வேண்டியவை

பல்லவியும் சரணமும் திரும்ப வருகின்றன. மறுபடி மறுபடி வாசிக்க வேண்டாம், காப்பி மெஷர் இருக்கிறது. 39 முதல் 54 வரை எடுத்து 75இல் போட்டால் இரண்டாவது சரணம் தயார். போட்டுக் கேட்டால் சரணத்தின் முதல் இரண்டு நோட்டைக் காணோம்! ஏனென்றால் எடுப்பு 38ஆம் பாரின் கடைசி பீட்டில் இருக்கிறது. அதை 74இல் தனியாக வாசித்துச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று பெடல். 54ஆம் பாரின் கடைசியில் மிதித்த பெடலை 55இல் எடுத்திருந்தால், காப்பியில் மிதித்தது மட்டும் வரும், எடுத்தது வராது. 91க்கு மேல் பியானோ விடாமல் ரீங்காரமிடும். பாரின் முடிவுக்குள்ளேயே பெடலை எடுத்துப் பழகுங்கள். பிட்ச் பெண்டும் அப்படியே.

இரேஸ் மெஷர், டெலீட் மெஷர் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். இரேஸ் பாரைக் காலி செய்யும், பார் அங்கேயே இருக்கும். டெலீட் பாரையே எடுத்துவிடும், பின்னால் இருப்பதெல்லாம் முன்னால் நகரும். ஒரே ஒரு டிராக்கில் டெலீட் கொடுத்தால் அந்த டிராக் மட்டும் முன்னே ஓடி, மற்ற டிராக் எல்லாம் பின்னால் நிற்கும்.

யாரை எப்போது நிறுத்தி வைப்பது

இங்கேதான் அரேஞ்ச்மெண்ட் தொடங்குகிறது. பதினாறு டிராக் இருக்கிறது என்பதற்காகப் பதினாறும் பேச வேண்டாம். நான் செய்வது இது: பல்லவியின் முதல் தடவையில் பியானோவும் மெல்லிய தாளமும் மட்டும். 18ஆம் பாரின் கடைசி இரண்டு பீட்டில் ஒரு ஃபில், 19இல் பேஸ் உள்ளே வரும். பேஸ் எட்டு பார் தாமதமாக வந்ததே ஒரு புது வாத்தியம் சேர்ந்த நிறைவைக் கொடுத்துவிடும். சரணத்தின் முதல் எட்டு பாரில் ஸ்ட்ரிங்ஸ் கிடையாது. பாடகர் மூச்சு வாங்கும் 42, 46ஆம் பார்களில் புல்லாங்குழல் ஒரு சின்ன பதில் சொல்லும், அவ்வளவுதான். பாடும்போது கூடவே அதே மெலடியைப் புல்லாங்குழல் வாசிப்பது எனக்குப் பிடிக்காது. குரலுக்குப் போட்டியாக இருக்கும்.

இன்டர்லூட்டின் 12 பாரை நாலு நாலாகப் பிரித்தால் வேலை எளிது. முதல் நாலில் ஒரு தனி வாத்தியம், அடுத்த நாலில் ஸ்ட்ரிங்ஸ் அதற்குப் பதில், கடைசி நாலில் எல்லோரும் சேர்ந்து சரணத்தின் முதல் கார்டுக்குக் கொண்டுபோய் விடுவது. இரண்டாவது சரணம் காப்பி செய்தது என்பது தெரியக்கூடாது. இரண்டு பார் தாளத்தை நிறுத்திப் பாருங்கள், அல்லது ஸ்ட்ரிங்ஸில் குரலுக்கு எதிர்த்திசையில் நகரும் ஒரு வரியைச் சேருங்கள்.

பாட்டு குழைந்து கேட்டால் முதலில் பியானோவின் இடது கையைச் சந்தேகப்படுங்கள். தனியாக வாசித்துப் பழகிய கை, பேஸையும் சேர்த்தே வாசித்துவிடும். பேஸ் டிராக் இருக்கும்போது அந்தக் கீழ் நோட்டுகள் தேவையில்லை. எடுத்துவிட்டால் இடம் பளிச்சென்று திறக்கும். ஸ்ட்ரிங்ஸ் கார்டுகளில் கை தாவாமல், பக்கத்து நோட்டுக்கே நகரும் இன்வெர்ஷனை (அதே சுரங்களின் வேறு வரிசையை) வாசியுங்கள். அதன் ஏற்ற இறக்கத்தை, 7ஆம் எண் மிடி கன்ட்ரோலரான வால்யூமைத் தொடாமல், 11ஆம் எண் எக்ஸ்பிரஷனால் ஓவர்டப்பில் சேர்த்துவிட்டால் மிக்ஸ் செய்யும்போது குழப்பம் வராது.

நடு நடுவே நோட்டுகள் காணாமல் போனால் அது வாய்ஸ் பற்றாக்குறை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய எண்ணிக்கை தீர்ந்துவிட்டது. குரோமில் அதிகபட்சம் 120; இரட்டை ஆசிலேட்டர் டோன்களுக்கு அது 60தான். பெடலை மிதித்தபடி பியானோ, மேலே பேட், அதன் மேல் ஸ்ட்ரிங்ஸ் என்றால் தீர்ந்துபோகும். பேடை எடுங்கள், பெரும்பாலும் அது இல்லாதது யாருக்கும் தெரியாது.

முடிவில் டெம்போவை மெல்லக் குறைக்க, மாஸ்டர் டிராக்கில் (டெம்போவும் மீட்டரும் இருக்கும் டிராக்) 99ஆம் பார் முதல் படிப்படியாக 96, 92, 86, 78 என்று எழுதுங்கள். எழுதியும் வேகம் குறையவில்லையா? டெம்போ மோட் மேனுவலில் இருக்கும். ஆட்டோவுக்கு மாற்றுங்கள்.

ஒரு கட்டை இறக்கச் சொன்னால்

ஒத்திகையில் பாடகர், "அண்ணே, அஞ்சு கட்டை எட்டல, நாலுக்கு எறக்குங்க" என்பார். ஐந்து கட்டைச் சுருதியிலிருந்து நாலு என்றால் ஜியிலிருந்து எஃப், இரண்டு அரைச்சுரம். டிராக் பாராமீட்டரில் டிரான்ஸ்போஸை மைனஸ் 2 வைத்தால் முடிந்தது. நான் முதல் தடவை பெருமையாக எல்லா டிராக்கையும் இறக்கிவிட்டு பிளே கொடுத்தேன். ஸ்நேர் விழ வேண்டிய இடத்தில் கிக் டொம் டொம்மென்று விழுந்தது. டிரம் டிராக்கில் ஒவ்வொரு நோட்டும் ஒவ்வொரு வாத்தியம். 38ஐ இரண்டு இறக்கினால் 36. டிரம்ஸையும் பெர்கஷனையும் மட்டும் அப்படியே விட வேண்டும்.

வெளியே எடுப்பது

மிடி ஃபைலாகச் சேமித்து நண்பருக்கு அனுப்பினால் அவரிடம் போவது நோட்டுகள் மட்டும். உங்கள் டோன் போகாது. அவருடைய கருவியில் இருக்கும் டோனில்தான் ஒலிக்கும். குரோமின் யுஎஸ்பி வழியாகவும் மிடிதான் போகும், ஆடியோ போகாது. ஆடியோ வேண்டும் என்றால் பின்னால் இருக்கும் இடது, வலது அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸுக்கோ ரெக்கார்டருக்கோ கேபிள் போட வேண்டும்.

வெறும் டெமோ என்றால் ஸ்டீரியோவாக ஒரே ஓட்டம் போதும். குரல் சேர்த்துக் கம்ப்யூட்டரில் மிக்ஸ் செய்யப் போகிறீர்கள் என்றால் டிராக் டிராக்காக எடுங்கள். பன்னிரண்டு டிராக் என்றால் ஏறக்குறைய 50 நிமிடம், டீ போட்டு வைத்துக்கொள்ளலாம். மாஸ்டர் ரிவெர்பையும் டோட்டல் எஃபெக்டையும் அணைத்துவிட்டு எடுத்தால், அங்கே மிக்ஸ் செய்பவர் உங்களைத் திட்ட மாட்டார்.

தனித்தனியாக எடுத்த ஃபைல்களை எப்படி ஒன்றாக வரிசைப்படுத்துவது? அந்தக் காலி பார் இப்போது உதவும். டிராக் 16இல் இரண்டாவது பாரின் முதல் பீட்டில் ஒரே ஒரு ஸ்டிக் தட்டு. ஒவ்வொரு தடவையும் தேவையான டிராக்கோடு 16ஐயும் ஓட விட்டு, மற்றதையெல்லாம் மியூட்டில் வையுங்கள். கம்ப்யூட்டரில் எல்லா ஃபைலிலும் அந்தக் கூர்மையான முனையை நேர்கோட்டில் நிறுத்தினால் எல்லாம் சேர்ந்துவிடும். பாட்டின் கடைசியிலும் ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்ததும் அந்த ஸ்டிக் சத்தத்தை எல்லா ஃபைலிலும் வெட்டிவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டேன். கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரில், பன்னிரண்டு தட்டும் ஒன்றாகச் சேர்ந்து, துப்பாக்கி வெடித்த மாதிரி ஆரம்பித்தது பாட்டு.